நாள் கடந்த சீட்டு

மழை விட்ட மறுநாள் காலை. மின்சாரம் போய்ப் பதினாறு மணி நேரமாகியிருந்தது. அவள் ஃபிரிட்ஜைத் திறந்து, கதவுத் தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். பால் திரிந்துதான் போயிருக்கும், போகட்டும். பெட்டியில் இன்னும் குளிர் மிச்சமிருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஈரத்துண்டைச் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்து மூடினாள். வாளியைத் தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் இறக்கினாள்.

பெட்டிக்குள் நான்கு இன்சுலின் பேனாக்கள் இருந்தன. அந்த வீட்டில் இப்போது அவை யாருக்கும் தேவையில்லை.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற மெக்கானிக் அவர். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசியவர்தான். இந்த ஏழு மாதத்தில் அவருடைய பேச்சு "சரி", "வேணாம்", "போயிட்டு வரேன்" என்ற மூன்றுக்குள் சுருங்கிவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் இவள் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி, "அவளுக்குக் கொஞ்சம் இதுதான்" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டியது இவள் காதுக்கும் வந்திருந்தது. அதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரே மகள். ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. "பச்சப்புள்ளைக்குச் சக்கரையா? இனிப்ப அள்ளி அள்ளிக் குடுத்து வளத்தியா?" என்று கேட்காத உறவு கிடையாது. தாய் பதில் தெரியாமல் விழிப்பாள். மகள் விழிக்கமாட்டாள். "என் கணையம் வேலை நிறுத்தம் பண்ணுது பெரியம்மா. பேச்சுவார்த்தை நடக்குது. முடிவானா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்பாள். அன்றைக்கே அப்பா அவளுக்கு "வக்கீல்" என்று பேர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தால் ஆசிரியரிடம் வாதாடுவாள். பேருந்தில் மிச்சச் சில்லறைக்கு வாதாடுவாள். ஊசி போடச் சோம்பலாக இருக்கும் நாளில், இன்றைக்கு அம்மாதான் போட்டுவிட வேண்டும் என்பதற்கு மூன்று காரணம் வைத்திருப்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பதினேழு வயதில் போய்விட்டாள்.

அது நடந்த விதத்தைத் தாய் மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு, கை எரிச்சலோடு மருந்துக்கடைக்குப் போனாள். மகளிடம் இருந்த பேனா தீரப்போகிறது. கடைக்காரர் எட்டு வருடப் பழக்கம். அவள் அவரைத் தம்பி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இவளைப் பார்த்ததுமே ஃபிரிட்ஜைத் திறந்து பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம்தான் டாக்டர் எழுதிய சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"அக்கா, சீட்டு ஆறு மாசத்துக்குத்தான் செல்லும். இது நாள் கடந்து பதினோரு நாளாச்சு."

"டாக்டர் ஊர்ல இல்ல தம்பி. கிளினிக்கு மூணு நாள் லீவு. திங்கக்கிழமை புதுசா எழுதி வாங்கிட்டு வந்துடறேன்."

"போன மாசம்தான் பக்கத்துத் தெருக் கடைய இப்படிச் சீட்டில்லாம குடுத்ததுக்குச் சீல் வெச்சாங்க. என்னால முடியாதுக்கா. திங்கக்கிழமை வாங்க, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."

"எட்டு வருஷமா இதே மருந்துதானே தம்பி? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா." அவர் பெட்டியை மறுபடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாள். அங்கே இருப்பே இல்லை. மகள் மிச்சமிருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் பாதியாக்கிக்கொண்டாள். ஞாயிறு காலையில் வாந்தி. சாயங்காலம் மூச்சு பெரிது பெரிதாக வந்தது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். மனசு கேட்காமல் திங்கட்கிழமை அவரே டாக்டரைத் தேடிப் பிடித்துப் புதுச் சீட்டு எழுதி வாங்கி, நான்கு பேனாக்களோடு வந்திருந்தார். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் காலடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டார். கணவர்தான் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கினார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே உள்ளே வந்து, எட்டு வருடப் பழக்கத்தில், ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்து மூடினார்.

அன்றிலிருந்து பெட்டி அங்கேயே இருந்தது. அவள் மருந்துக்கடை இருந்த தெருவையே விட்டுவிட்டாள். தலைவலி மாத்திரை வாங்கவும் சுற்றிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனாள்.

இப்போது, மழை விட்ட மறுநாளான இந்தக் காலையில், கதவு தட்டப்பட்டது. திறந்தாள். இடுப்பு வரை நனைந்து, காலெல்லாம் சேறாக மருந்துக்கடைக்காரர் நின்றார்.

"அக்கா, ஆத்துத் தண்ணி கடைக்குள்ள புகுந்துடுச்சு. ஃபிரிட்ஜ் கவுந்து மிதக்குது. ஒரு மருந்தும் மிஞ்சல" என்றார். "டயர் கடை மாடில ஒரு பெயிண்டர் இருக்காரு. தனி ஆளு. பக்கத்துக் கீழ்வீட்டு ஃபிரிட்ஜ்ல அவரு வெச்சிருந்த இன்சுலினும் தண்ணில போச்சு. நேத்து மத்தியானத்துலேர்ந்து மருந்தில்ல. விடிகாலைல இருந்து வாந்தி. சுகர் பாக்குற மிஷின்ல நம்பரே வரல, அளவுக்கு மேலன்னு காட்டுது. பாலம் மூழ்கிடுச்சு. படகு மத்தியானத்துக்கு முன்னாடி வராதுங்கிறாங்க."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நாலு பேனா... உங்ககிட்ட இருந்துச்சே. இன்னும் இருக்கான்னு..."

அவள் கேட்டாள்: "சீட்டு இருக்கா?"

குரல் உயரவில்லை. கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவர் முகம் செத்துப்போனது.

"இல்ல" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றாள். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட கேள்வி அது. படுக்கை விரிப்பின் மேல் இஸ்திரிப்பெட்டியை அழுத்தி அழுத்தி, ஒருநாள் அந்த ஆளை நிற்க வைத்து இதைக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். கேட்டாகிவிட்டது. நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை.

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

"அந்த ஆளுக்கு என்னங்க வயசு இருக்கும்?" என்றாள் அவள். "அந்தப் பெயிண்டருக்கு?"

"அம்பது... அம்பத்தஞ்சு."

"அம்பத்தஞ்சு வருஷம் இருந்தாச்சு." "எம்புள்ள பதினேழுதானங்க?"

வெளியே சேற்றில் கால் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர் போகவில்லை. கதவைத் தட்டவுமில்லை.

அவள் சமையலறைக்குப் போனாள். அண்டாவிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள். அலமாரியின் மேல்தட்டில் மகளின் பழைய தகர டப்பா இருந்தது. அதில் பேனாவுக்கு மாட்டுகிற சின்ன ஊசிகள். அதையும் எடுத்துக்கொண்டாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். கடைக்காரர் கையை நீட்டினார்.

"உங்க கையில தரமாட்டேன்" என்றாள். "நானே வரேன். நடங்க."

மேட்டுத் தெரு இறங்கியதும் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பிறகு தொடையை. ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் குடம், யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று மிதந்துகொண்டிருந்தன. அவள் தூக்குவாளியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைக்காரர் முன்னால் கால் வைத்துப் பார்த்து, "இங்க பள்ளம்", "இங்க படிக்கட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அவள் தடுமாறியபோது கையைக் கொடுத்தார். அவள் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டயர் கடை மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்க வெவ்வேறு நிறத்தில் தூரிகையால் இழுத்துப் பார்த்த கோடுகள். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொந்தச் சுவரையே பாழாக்கியிருந்தார் மனுஷன். மூலையில் பாயில் சுருண்டு கிடந்தார். நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு. மெலிந்த, உயரமான ஆள். மூச்சு பெரிது பெரிதாக வந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்தாள். அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

அந்த வாடையைத் தேடி மகளின் தலையணையை எத்தனை நாள் மோந்திருக்கிறாள். எத்தனை நாள் அது வராமல் இருக்க மூக்கைப் பொத்தியிருக்கிறாள். இப்போது முன்பின் தெரியாத ஒரு மனிதனின் வாயிலிருந்து அது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

கடைக்காரர் போனில் டாக்டரைப் பிடித்திருந்தார். "அவர் வழக்கமாப் போடுற ரகம் வேற, டாக்டர். இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற பேனா... சரி... சரி டாக்டர்." அவள் பக்கம் திரும்பினார். "முதல்ல பத்து யூனிட். தண்ணி குடிக்க வெக்கணும். மணிக்கு ஒரு தடவ சுகர் பாத்துச் சொல்லணுமாம். நான் போடட்டுமாக்கா?" தூக்குவாளியின் பக்கம் கையை நீட்டினார்.

"தள்ளுங்க" என்றாள்.

பெட்டியைப் பிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் முறையாக அந்த ஒட்டுக்காகிதம் கிழிந்தது. பேனாவை உள்ளங்கையில் உருட்டிக் குளிரைப் போக்கினாள். ஊசியை மாட்டினாள். இரண்டு யூனிட்டுக்குத் திருகி, முனையை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தினாள். நுனியில் ஒரு துளி வந்து நின்றது. மருந்து தெளிவாக இருந்தது. கெடவில்லை. அப்புறம் பத்துக்குத் திருகினாள். அவருடைய சட்டையை விலக்கி, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் போட்டாள். எடுத்துவிடாமல் பத்து வரை எண்ணினாள். வாய்விட்டே எண்ணினாள், அப்படித்தான் பழக்கம். ஆறில் குரல் உடைந்தது. ஏழிலிருந்து முனகலாக வந்தது.

பெயிண்டர் கண் திறந்தார். "யாரும்மா நீ?"

"மேட்டுத் தெருண்ணே. மருந்து கொண்டு வந்திருக்கேன். தண்ணி குடிங்க."

ஒரு மிடறு குடித்தார். இருமினார். பாயில் கிடந்த பேனாவைப் பார்த்தார். "யாரோட மருந்து இது?"

"எம் பொண்ணோடது."

அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். "அய்யோ, புள்ள மருந்தையா எடுத்துட்டு வந்த? அதுக்கு வேணாமா?"

அவள் டம்ளரை மறுபடி அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"அவளுக்கு இப்ப வேணாம்ணே. நீங்க குடிங்க."

கடைக்காரர் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முன்கையைக் கடித்துக்கொண்டு அழுதார். அவளுக்குக் கேட்டது. எழுந்து போகவில்லை.

மணிக்கு ஒரு தரம் பெயிண்டரின் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். இரண்டாம் தரமும் நம்பர் வரவில்லை. மறுபடி எட்டு யூனிட் போடச் சொன்னார் டாக்டர். மூன்றாம் தரம் நம்பர் வந்தது. பெரிய நம்பர்தான்; ஆனால் வந்துவிட்டது. வாந்தி நின்றது. பெயிண்டர் அரைத் தூக்கத்தில், "அந்த மஞ்சள்ல இன்னும் ஒரு பிடி வெள்ள கலக்கணும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் படகு வந்தது. ஒரு நர்ஸும் இரண்டு மீட்புப்படை ஆட்களும் பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொடங்கிய பேனாவையும் இன்னொன்றையும் அவரோடு அனுப்பினாள். மிச்சம் இரண்டு. கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கீழத் தெருவுல ரெண்டு பேருக்கு நாளைக்குக் காலைல தீந்துடும்க்கா. சீட்டு... அவங்ககிட்டயும் நனைஞ்சு போச்சு."

அவள் தூக்குவாளியை அப்படியே அவரிடம் நீட்டினாள்.

படிக்கட்டில் அவர் வழிமறித்தாற்போல் நின்றார். "அன்னிக்குக் குடுத்திருக்கலாம்க்கா. கையில எடுத்துட்டேன். எடுத்தத வெச்சேன். தினமும் அந்த ஃபிரிட்ஜத் தொறக்கும்போதெல்லாம்..."

"உங்கள நான் மன்னிக்கல" என்றாள் அவள். "இன்னிக்கு வந்தது அதுக்காக இல்ல. அது வேற, இது வேற."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. வழிய விடுங்க, வீட்டுக்குப் போகணும்."

அவர் ஒதுங்கினார். தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. அவள் தனியாகவே நடந்து போனாள்.

மூன்றாம் நாள் காலையில் மின்சாரம் வந்தது. பணிமனையிலும் ஹோட்டலிலும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கடைக்காரர். இரண்டே வரி சொல்லி வைத்துவிட்டார்.

"பெயிண்டர் பொழச்சிட்டாராம்" என்றாள் அவள், கணவரைப் பார்த்து. அவளுக்கே தெரியாமல் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. ஏழு மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு. "எழுந்து உக்காந்து டீ கேக்குறாராம்."

கணவர் ஷூவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. நிமிரவில்லை.

"என்னங்க?"

"ரெண்டு ஊசி" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ரெண்டே ரெண்டு ஊசி. பொழச்சிட்டாரு."

அவள் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?" என்றார். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம், அங்க கேட்டா குடுப்பாங்கன்னு சொன்ன. நான்தான் வேணாம்னேன். ரெண்டு மணி நேரம் பஸ்ல புள்ளய அலைக்கழிக்கணுமான்னேன். திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்னு நான்தானே சொன்னேன்?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை நாள் அதை அவள் தொடவேயில்லை. பழியெல்லாவற்றையும் அந்த மருந்துக்கடை வாசலிலேயே இறக்கி வைத்திருந்தாள். அங்கே எல்லாம் கொள்ளும் என்று இருந்துவிட்டாள். இந்த மனுஷன் தன் பங்கைத் தனியாகச் சுமந்துகொண்டு, தினமும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க ஏன் என்கிட்ட ஒரு வார்த்த..."

"எப்படிச் சொல்றது? நீ அவனத் திட்டுறப்பெல்லாம் அது என் முதுகுலதான் விழுந்துச்சு. எனக்கு இது வேணும்தான்னு அதுவும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாத ஆள். ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறும் கால். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டார். அடுத்த வீட்டில் வாளி வைக்கிற ஓசை சட்டென்று நின்றது.

அவள் தரையில் அவர் காலருகே உட்கார்ந்தாள்.

"நானும் சரின்னுதானே சொன்னேன்" என்றாள். "உங்க பேச்ச என்னிக்கு நான் கேட்டிருக்கேன்? அன்னிக்கு மட்டும் ஏன் கேட்டேன்?"

அவர் தலை அவள் தோளில் வந்து விழுந்தது. பாரமாக இருந்தது. அவள் நகராமல் தாங்கிக்கொண்டாள். பணிமனை வண்டி தெருமுனையில் வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மூன்றாம் தரமும் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.